கரிசல் மண்ணில் தோட்டத்து ஷெட்: கடைக்கால் எப்படிப் போடலாம்?

தோப்புக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் வணக்கம். எங்க தென்னந்தோப்புல 10க்கு 12 அடியில ஒரு ஷெட் போடணும். ஸ்ப்ரேயர், புல்லு வெட்டுற மெஷின், சொட்டுநீர் பைப்பு, ஃபில்டர் சாமான், அப்பப்ப வாங்கிப் போடுற உர மூட்டை, இவ்வளவுதான் உள்ள இருக்கும். சுவர் கட்டுற எண்ணம் இல்ல. ஜிஐ பைப்புல சட்டம், சுத்தியும் மேலயும் தகர ஷீட்.

மண்ணு நல்ல கரிசல். சித்திரையில கை உள்ள போற அளவுக்கு வெடிக்கும், மழை பெஞ்சா செருப்பு வெளிய வராது. பக்கத்துல இருக்கற மோட்டார் ரூமுக்கு ஒன்றரை அடிதான் வாணம் பறிச்சாங்க. மேல ஹாலோ பிளாக். இப்ப ஜன்னல் மூலையில இருந்து தரை வரைக்கும் பிளாக் இணைப்பு வழியாவே விரிசல் இறங்கியிருக்கு. கதவு ஐப்பசியில இறுகிக்கும், பங்குனியில தானா லூசாகும்.

அதனால ஷெட்டுக்காவது சரியா செய்யணும்னு நினைக்கிறேன். வெளிநாட்டு வீடியோவுல ஜல்லி பரப்பி அதுக்கு மேல சட்டத்தை அப்படியே உக்கார வைக்கிறாங்க. அது நம்ம மண்ணுக்கு ஆகுமா? இல்ல 4 இன்ச் கான்கிரீட் தளம் போட்டு அது மேல போல்ட் அடிச்சா போதுமா? கருங்கல் கடைக்கால்தான் வேணுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மட்டப்பலகை (வேலந்தாவளம்)

தம்பி, நான் கொத்து வேலைதான். சின்ன ஷெட்டுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். 2 அடிக்கு 2 அடி வாணம் பறிங்க, அடியில 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் அரை அடி, அதுக்கு மேல கருங்கல் கட்டு, தரைக்கு மேல ஒரு அடி வந்ததும் 6 இன்ச் பெல்ட் வார்த்து விடுங்க. பெல்ட்டுல 10 எம்எம் கம்பி 4 போதும். நடுவுல எம்சாண்ட் ரொப்பி தண்ணி விட்டு திமிசு போட்டு, மேல 3 இன்ச் கான்கிரீட். நம்ம பக்கம் எல்லாம் இப்படித்தான் செய்றோம்.

வெறும் தளம் மட்டும் போட்டா ரெண்டே மழையில நடுவுல கோடு விழும். அத மட்டும் செய்யாதீங்க.

கணவாய்க் காற்று (பாலக்காடு)

சிவில் இன்ஜினியர். ஒரே ஒரு விஷயம் முதல்ல சொல்லிடறேன். தோப்புக்காரன் அண்ணா கேட்ட மூணு வழியும் மண்ணு அழுந்தும்ங்கற பயத்துல யோசிச்சது. உங்க ஷெட்டு அழுந்தாது. கணக்குப் பாருங்க. பைப்பும் தகரமும் சேர்ந்து 350 கிலோ. உரம் 20 மூட்டைன்னா 1 டன். மத்த சாமான் 150 கிலோ. மொத்தம் ஒன்றரை டன் 11 சதுர மீட்டர்ல பரவுது. 4 இன்ச் தளத்தோட எடையையும் சேர்த்தாலும் சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டாது. ஈரம் ஏறுன கரிசல் மண்ணு மேல தள்ளுற அழுத்தம் சதுர மீட்டருக்குப் பல டன். அதாவது மண்ணு நினைச்சா உங்க ஷெட்டைத் தூக்கிடும். உங்க மோட்டார் ரூம் கதவு மழைக்காலத்துல இறுகறதும் வெயில்ல விடறதும் அதனாலதான்.

கேரளத்துலயே கரிசல் மண்ணு இருக்கறது நம்ம சித்தூர் தாலுகாவுல மட்டும்தான். பாலக்காட்டுக்கு மேற்க போனா வெட்டுக்கல்லும் செம்மண்ணும். அதனால ஒத்தப்பாலம், திருச்சூர் பக்கம் இருந்து வர்ற பிளானை அப்படியே இங்க வச்சா ஒத்துவராது. அங்க நல்லா நிக்கிற கடைக்கால் இங்க ஏன் வெடிக்குதுன்னு கேக்கறவங்களுக்குப் பதில் இந்த மண்ணுல இருக்கற மாண்ட்மோரில்லோனைட்ங்கற களிமண் துகள்தான். தண்ணியை இடுக்குல இழுத்து வச்சு வீங்கும், காஞ்சா சுருங்கும்.

மண்ணு எவ்வளவு வீங்குதுன்னு வீட்டுலயே பாக்கலாம். ஒரு அடி ஆழத்துல இருந்து மண்ணு எடுத்து நல்லா உலர்த்துங்க, இடிச்சு மெல்லிய சல்லடையில சலிங்க. 100 மில்லி அளவு ஜாடி ரெண்டு வாங்கி ஒவ்வொண்ணுலயும் 10 கிராம் போடுங்க. ஒண்ணுல தண்ணி, இன்னொண்ணுல மண்ணெண்ணெய். கண்ணாடிக் குச்சியால கிளறி காத்துக் குமிழியை வெளியேத்திட்டு 24 மணி நேரம் ஆடாம விடுங்க. மண்ணெண்ணெயில மண்ணு வீங்காது. தண்ணியில எவ்வளவு கூடுதலா ஏறியிருக்கோ அதை மண்ணெண்ணெய் அளவால வகுத்து 100ஆல பெருக்குங்க. இந்தியத் தர நிர்ணயத்துல 2720ன் 40ஆம் பகுதி இந்தச் சோதனைதான். 50க்குக் கீழ வந்தா மேஸ்திரி சொல்ற மாதிரியே போலாம். அதுக்கு மேல போனா வேற மாதிரி யோசிக்கணும்.

நகரி மாந்தோப்பு (நகரி, ஆந்திரா)

நாங்களும் சித்தூர்தான், ஆனா ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கம். எங்க மண்ணு செவப்பு, சரளை கலந்தது. 2 அடி தோண்டுனாலே பாறைப் பொடி வந்துடும். அதனால எங்க தோப்புல ஷெட்டு ரொம்ப சுலபமா வச்சோம். மேல் மண்ணு அரை அடி வழிச்சு எடுத்துட்டு, வேர், சருகு எதுவும் இல்லாம சுத்தம் பண்ணி, கிராவல் 6 இன்ச் கொட்டி நல்லா இடிச்சு, குப்பம் பக்கத்துக் கிரானைட் துண்டு 6 வாங்கி உக்கார வச்சு அது மேல சட்டம். அந்த வீடியோ முறை எங்களுக்குச் சரியா வருது.

ஒண்ணு மட்டும் சொல்றேன். சரிவா இருக்கற இடத்துல ஒரு பக்கம் வெட்டி அந்த மண்ணையே இன்னொரு பக்கம் கொட்டி மட்டம் பண்ணாதீங்க. வெட்டுன பக்கம் உறுதியா நிக்கும், கொட்டுன பக்கம் இறங்கும், ஷெட்டு கோணிக்கும். இடம் சரிவா இருந்தா முழுசும் வெட்டுன தரையில வைங்க, இல்லாட்டி பள்ளத்துப் பக்கத் தூணை நீளமா இறக்கி பழைய மண்ணைத் தொடுங்க.

எருத்தேம்பதி அக்கா

கணவாய்க் காற்று தம்பி சொல்றது நூத்துக்கு நூறு. எங்க பக்கம் கரிசல்ல ஜல்லி மெத்தை போட்ட ஒரு ஷெட்டை நான் பாத்திருக்கேன். குழியைச் சுத்தி களிமண்ணு, உள்ள ஜல்லி. மழைத் தண்ணி உள்ள இறங்கினா வெளிய போக வழியே இல்ல, அடியில ஓட்டை இல்லாத தொட்டியில நின்ன மாதிரி நின்னுச்சு. அந்தத் தண்ணியை அடி மண்ணு முழுக்கக் குடிச்சு, ஒரு மூலை மட்டும் மேல ஏறிடுச்சு. மேஸ்திரி அண்ணன் சொல்ற எம்சாண்ட் நிரப்பலும் இதே வேலையைத்தான் பண்ணும்னு நினைக்கிறேன்.

இடம் தேர்ந்தெடுக்கறதைப் பத்தி யாரும் பேசல. தோப்புக்காரன் தம்பி, உங்க தென்னை 25 அடி இடைவெளியா? அப்படின்னா 4 மரத்துக்கு நட்ட நடுவுல வைங்க. 12 அடி பக்கத்துல கூட ரெண்டு புறமும் ஆறரை அடி மிஞ்சும். தென்னையோட வேலை செய்ற வேரு பெரும்பாலும் அடிமரத்துல இருந்து 2 மீட்டருக்குள்ளதான், அதனால வேரையும் வெட்ட வேண்டியதில்ல. ஆனா மட்டையும் காயும் விழும், அதுக்குக் கூரை ஷீட் கொஞ்சம் கனமா எடுங்க. வேப்ப மரம் பக்கத்துல வேண்டவே வேண்டாம். கோடையில அது ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சிடும், அந்த மூலை இறங்கும்.

சொட்டுநீர் வால்வும் ஃபில்டரும் ஷெட்டுக்குள்ள வைக்கலாம்னு தோணும். வைக்காதீங்க. ஃபில்டர் கழுவுற தண்ணி தினமும் ஒரே மூலையில ஊறும். வெளிய 15 அடி தள்ளி ஒரு தொட்டி மேல வச்சுக்கங்க.

மட்டப்பலகை (வேலந்தாவளம்)

அக்கா, எம்சாண்ட் வேண்டாம்னா அப்ப என்ன ரொப்பறது? எடுத்த கரிசலையே திரும்பப் போட முடியாதே.

கணவாய்க் காற்று (பாலக்காடு)

மேஸ்திரி அண்ணா, நல்ல கேள்வி. வீங்காத, ஆனா கொஞ்சம் ஒட்டுத்தன்மை உள்ள மண்ணு வேணும். நம்ம பக்கத்துச் செம்மண் கிராவல் அதுக்குச் சரியா இருக்கும். மும்பை ஐஐடியில பேராசிரியர் கட்டி பல வருஷம் ஆராய்ஞ்சு சொன்ன வழி இது. கரிசல் மேல வீங்காத ஒட்டுமண் அடுக்கு ஒண்ணு இருந்தா, அடியில இருக்கற கரிசலோட வீக்கம் அடங்குதுங்கறாரு. கரிசல் வழியா போற கால்வாய்களுக்கு இந்த அடுக்கைத்தான் போடறாங்க. மணல் வெறும் துளை நிறைஞ்சது, அது தண்ணியை விடும், தடுக்காது.

கிராவலையும் ஒரேயடியா கொட்டி மேல நாலு இடி இடிச்சா பலன் இல்ல. 6 இன்ச் 6 இன்ச்சா பரப்பி, உருண்டை பிடிச்சா நிக்கற அளவுக்கு ஈரம் காட்டி, ஒவ்வொரு அடுக்கையும் இடிக்கணும். சேறாகற அளவு தண்ணி விட்டா இடிபடாது, நகரும். தண்ணியை பைப்புல ஊத்தி மண்ணைத் தானா இறங்க விடறது கரிசல் பூமியில பெரிய கேடு.

இன்னொரு பக்கமும் இருக்கு. இந்த ஷெட்டுக்குக் கடைக்கால் தாங்கறதை விடப் பிடிச்சு வைக்கறதுதான் முக்கிய வேலை. கஞ்சிக்கோட்டுல காற்றாலை ஏன் நட்டிருக்காங்கன்னு யோசிங்க. ஆனி ஆடியில மேற்குக் காத்து, மார்கழி தையில கிழக்குக் காத்து, ரெண்டும் இந்தக் கணவாய் வழியாத்தான். இந்தப் பகுதிக்குத் தர நிர்ணயம் வச்சிருக்கற அடிப்படைக் காத்து வேகம் நொடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்துல சதுர மீட்டருக்கு 90 கிலோ அளவுக்கு அழுத்தம் வரும். வெளிநீட்டலோட உங்க கூரை 12க்கு 14 அடி, அதாவது 15.6 சதுர மீட்டர். கூரையைப் பிடுங்கற விசை ஏறத்தாழ ஒன்றரை டன்னைத் தொடும். ஷெட்டோட சொந்த எடை 350 கிலோ. மீதியைக் கடைக்கால்தான் பிடிக்கணும். கல்லு மேல சும்மா உக்கார வச்ச சட்டம் நகரியில நிக்கலாம், இங்க நிக்காது.

தோப்புக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

சோதனை பண்ணிப் பாத்துட்டேன். மண்ணெண்ணெய் ஜாடியில 10, தண்ணி ஜாடியில 19. அப்ப 90 சதம் வருது. தண்ணி ஜாடியில மண்ணு மேல கூழ் மாதிரி ஆகி, கோடே தெளிவா தெரியல, காலையில வெளிச்சத்துல வச்சுத்தான் படிச்சேன்.

பக்கத்துல தென்னங்கன்று வைக்க மெஷின்ல குழி எடுத்த இடத்துல கொஞ்சம் ஆழமா விடச் சொல்லிப் பாத்தேன். நாலரை அடியில வெள்ளையா சுக்கான் கல்லு (சுண்ணாம்புக் கல்லு) கலந்த கெட்டி மண்ணு வருது. அதுக்குக் கீழ மெஷின் திணறுது.

தென்னை 25 அடிதான் அக்கா. நடுவுல வச்சுக்கறேன். வேம்பு தூரத்துல இருக்கு.

கணவாய்க் காற்று (பாலக்காடு)

90ன்னா நல்லாவே வீங்குற மண்ணு. ஆனா நாலரை அடியில சுக்கான் கிடைக்கறது உங்க அதிர்ஷ்டம். ஆழமான கரிசல்ல ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைச்ச, அடிப்பக்கம் மட்டும் அகலமான தூண்களைத்தான் போடுவாங்க, அதுக்குக் குறைஞ்சது மூன்றரை மீட்டர் ஆழம் வேணும். உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது.

என் யோசனை: தூணையும் தரையையும் பிரிச்சிடுங்க. கூரையையும் சட்டத்தையும் தாங்கற தூண் ஆழமா போய் சுக்கான்ல நிக்கட்டும். தரை தனியா, எதையும் தொடாம கிடக்கட்டும். தரை அரை இன்ச் ஏறினாலும் கதவு பூட்டும், ஷீட் கிழியாது. ரெண்டையும் ஒண்ணா கட்டிப் போட்டாத்தான் ஒண்ணு அசையறப்ப இன்னொண்ணு உடையுது.

12 அடி பக்கத்துல 6 அடிக்கு ஒண்ணா 3 குழி, எதிர்ப்பக்கம் 3. ஒரு அடி விட்டம், 5 அடி ஆழம். கன்று வைக்கற அதே மெஷின்ல எடுக்கலாம். அடியில கடைசி ஒரு அடியைக் கடப்பாரையால சுத்திலும் 3 இன்ச் குடைஞ்சு அகலமாக்குங்க. அந்த அகலத்தைச் சேர்க்காமலே ஒரு தூணு கான்கிரீட் சுமார் 265 கிலோ வரும், 6 தூணுக்கு ஒன்றரை டன்னுக்கு மேல. அடி அகலமா இருக்கறதால அது மேல இருக்கற மண்ணும் சேர்ந்து பிடிக்கும். காத்துக்குப் போதுமானது.

மேஸ்திரிகிட்ட முக்கியமா சொல்ல வேண்டியது இது. குழியோட வாய் அகலமாகவே கூடாது. மண்வெட்டியில எடுத்தா எப்பவும் மேல அகலமாவும் கீழ குறுகலாவும்தான் வரும். அப்படியே கான்கிரீட் ஊத்தினா மேல ஒரு காலர் மாதிரி தங்கிடும். வீங்குற மண்ணு அந்தக் காலருக்கு அடியில கை கொடுத்துத் தூணையே மேல தூக்கும். மேல் 3 அடிக்குக் கனமான பாலித்தீன் ஷீட்டை ரெண்டு சுத்து குழியைச் சுத்தி விட்டுட்டு ஊத்துங்க. மண்ணு மேலயும் கீழயும் ஓடுறப்ப தூணைப் பிடிக்காம வழுக்கிப் போகும்.

கம்பி 10 எம்எம் 4, அடியில இருந்து உச்சி வரை தொடர்ச்சியா. மண்ணு தூக்கறப்ப தூண் இழுபடும், கம்பி இல்லாட்டி நடுவுல அறுந்துடும். வளையம் 8 எம்எம், 6 இன்ச்சுக்கு ஒண்ணு. கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவுல 2 இன்ச் கான்கிரீட் இருக்கணும், அதுக்கு கவர் பிளாக் கட்டுங்க. 1:1½:3 கலவை. அடி அகலத்தையும் சேர்த்து மொத்தம் ஏழு மூட்டை சிமெண்ட் ஆகும், கைவசம் ஒரு மூட்டை கூட வச்சுக்கங்க.

மட்டப்பலகை (வேலந்தாவளம்)

தம்பி சொல்ற தூணு சரிதான், ஒத்துக்கறேன். சுவர் கட்டுற ரூமா இருந்தா நான் சொன்ன கருங்கல் கட்டைத்தான் இப்பவும் சொல்லுவேன், ஆனா சுக்கான் வரைக்கும் இறக்கணும், ஒன்றரை அடியில நிறுத்தக் கூடாது. தகர ஷெட்டுக்குத் தூணு போதும்.

குழிக்கு அடையாளம் போடறதைச் சொல்றேன். ஆறு குழியும் நூல் பிடிச்ச மாதிரி வரணும்னா, குழி மேலயே முளை அடிக்காதீங்க, மெஷின் வந்ததும் முளை போயிடும். ஒவ்வொரு மூலைக்கும் 3 அடி வெளிய தள்ளி ரெண்டு முளை, நடுவுல பலகை, அதுல ஆணி அடிச்சு கயிறு கட்டுங்க. மூலைமட்டத்தை மட்டும் நம்பாதீங்க. 10க்கு 12ன்னா குறுக்குக்கோடு 15 அடி 7½ இன்ச்சுக்கு அரை நூல் (ஒரு நூல்னா இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு) கம்மியா வரணும். ரெண்டு குறுக்கும் ஒரே அளவு வந்தா மூலை சரி. குழி எடுத்து முடிச்சு கயிறைத் திரும்பக் கட்டி, அதுல இருந்து தூக்குகுண்டு விட்டு மையம் பாருங்க. தூண் உச்சி மட்டத்துக்கு ட்யூபுல தண்ணி விட்டுப் பாக்கறதுதான் நல்லது, 12 அடிக்கு ரசமட்டம் வச்சு வச்சு நகர்த்தினா தப்பு சேர்ந்துக்கிட்டே போகும்.

எருத்தேம்பதி அக்கா

தரைக்கு நான் ஒரு வழி சொல்றேன். கான்கிரீட் தளமே வேண்டாம். 14க்கு 16 அடியில ஒரு அடி கரிசலை எடுத்துட்டு கிராவல் போட்டு இடிச்சு, சுத்துத் தரையை விட முக்கால் அடி உசத்தி, மேல பேவர் பிளாக்கோ கல்லுப் பலகையோ பதிச்சிடுங்க. எங்கயாவது ஏறினா இறங்கினா அந்த நாலு கல்லை மட்டும் எடுத்து மண்ணைச் சரி பண்ணித் திரும்ப வைக்கலாம். கான்கிரீட்ல விரிசல் விட்டா என்ன பண்றது? ரெண்டு அடி எடுத்து ரொப்பி முழுத் தளம் போட்டா கிராவலே 8 யூனிட்டுக்குக் கிட்ட ஆகும் (ஒரு யூனிட்னா 100 கன அடி). இதுக்கு 5 யூனிட் போதும்.

கல்லுக்கு அடியில கனமான பாலித்தீன் விரிக்கணும். 250 மைக்ரான் எடுங்க, சின்னது கிழிஞ்சிடும். அடியில இருந்து ஈரம் வந்தா யூரியா கல்லாகிடும். எப்படியும் மூட்டையைத் தரையில வைக்காம மரப்பலகை மேல, சுவர்ல இருந்து ஒரு அடி தள்ளி வைங்க.

பொட்டாஷ் மூட்டையைத் தூணு ஓரத்துல சாத்தவே சாத்தாதீங்க. அதுல இருக்கற குளோரைடு ஈரத்தை இழுத்து ஜிஐ பூச்சைத் தின்னுடும். பைப்போட அடிப்பிளேட்டுல வெள்ளைப் பொடி பூத்து, அப்புறம் பழுப்பாகி, கையால தட்டினா தகடு தகடா உதிரும். கூரை கெட்டியா இருக்கும், கால் போயிருக்கும்.

கஞ்சிக்கோடு வெல்டிங்

அக்கா சொன்னதை நான் தினமும் பாக்கறேன். ரிப்பேருக்கு வர்ற ஷெட்டுல பாதி அடிக்காலுதான் போயிருக்கும். பைப்பை நேரா கான்கிரீட்ல புதைக்காதீங்க. கான்கிரீட்டும் காத்தும் சேர்ற வளையத்துல தண்ணி நின்னு அந்த இடம் முதல்ல அரிக்கும். தூண் உச்சி முடிஞ்ச தரையை விட 4 இன்ச் மேல வரட்டும், தலை கொஞ்சம் சரிவா தேய்ச்சு விடுங்க, தண்ணி நிக்காது. அதுக்கு மேல 6க்கு 6 இன்ச், 8 எம்எம் பிளேட். ஒரு தூணுக்கு 12 எம்எம் ஜே போல்ட் 4, கான்கிரீட் ஊத்துறப்பவே போடணும். காஞ்ச அப்புறம் டிரில் பண்ணி அடிக்கற போல்ட், பிடுங்கற விசைக்கு அவ்வளவு நம்பிக்கை இல்ல. ஷீட்டைப் பைப்போட சேர்க்கற ஸ்க்ரூவும் கவனிங்க, கடைக்கால் எவ்வளவு பிடிச்சாலும் ஓரத்து ஸ்க்ரூ கம்மியா இருந்தா ஷீட் மட்டும் பறக்கும். ஓர வரிசைக்கு ரெட்டிப்பா போடுங்க.

கதவு கிழக்கு மேற்கு பாத்து வைக்காதீங்க. ரெண்டு பக்கக் காத்தும் அந்தத் திசைதான். திறந்த கதவு வழியா காத்து உள்ள போச்சுன்னா கூரையை உள்ள இருந்தும் தள்ளும். வடக்கோ தெற்கோ வைங்க. குட்டைப் பக்கம் காத்துக்கு எதிர இருக்கட்டும்.

தோப்புக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

ரொம்ப நன்றி. 6 தூணு, அக்கா சொன்ன கல்லுத் தரை, வடக்கு பாத்த கதவு, முடிவு பண்ணிட்டேன். ரெண்டு சந்தேகம் பாக்கி. எந்த மாசம் ஆரம்பிக்கறது நல்லது? கோடையில வேலையாள் கிடைப்பாங்க. அப்புறம், பஞ்சாயத்துல எதாவது வாங்கணுமா?

எருத்தேம்பதி அக்கா

உங்க கரம் (நிலவரி) அடைச்ச ரசீதுல அந்த சர்வே நம்பர் புரயிடம்னு (மேட்டு நிலம்) இருக்கா நிலம்னு (கேரளக் கணக்குல நெல்வயல்) இருக்கான்னு முதல்ல பாருங்க. இப்ப தென்னை நிக்குதுங்கறது கணக்கில்ல. நிலம்னு இருந்தா, இல்ல டேட்டா பேங்க்ல (நெல்வயல் பட்டியல்) இருந்தா, 2008ஆம் வருஷத்து நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் குறுக்க வரும். மண்ணு கொட்டி உசத்தறதே பிரச்சினையாகும். கிருஷி பவன்லயும் (வேளாண்மை ஆபீஸ்) வில்லேஜ் ஆபீஸ்லயும் கேட்டுட்டு, அப்புறம் பஞ்சாயத்துல ஷெட்டோட அளவைச் சொல்லிக் கேளுங்க. லோடு இறக்கின பிறகு கேக்காதீங்க.

கணவாய்க் காற்று (பாலக்காடு)

கோடையில தரை போடாதீங்க. சித்திரையில மண்ணு சுருங்கற வரைக்கும் சுருங்கி வெடிச்சு நிக்குது. அப்ப மூடினா, அடுத்த மழையில அது வீங்கறது முழுசும் உங்க தரை மேலதான். அடைமழையில போட்டா நேர் எதிரா, கோடையில ஓரம் எல்லாம் இறங்கும். வடகிழக்கு மழை ஓஞ்சு, மண்ணு ஈரமாவும் ஆனா மண்வெட்டியில ஒட்டாமலும் இருக்கற மார்கழிக் கடைசி, தை நல்ல நேரம். தூணுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல, ஆனா குழியில தண்ணி ஊறாத நாளா பாத்து, தோண்டின அன்னிக்கே ஊத்திடணும். தோண்டிட்டு ரெண்டு நாள் திறந்து போட்டா குழியோட பக்கம் காஞ்சு உதிரும்.

தையில ஒரே கஷ்டம் கிழக்குக் காத்து. கான்கிரீட் மேல்பக்கம் சுருக்குன்னு காஞ்சிடும். இப்பக் கிடைக்கறது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட், அதுக்கு இந்த மாதிரிக் காஞ்ச காத்துல 14 நாள் ஈரம் காக்கணும். தூண் தலையில ஈரச் சாக்கைக் கட்டி, மேல பாலித்தீனைச் சுத்தி விடுங்க. சும்மா காலையில ஒரு குடம் ஊத்தினா பத்து மணிக்குக் காஞ்சிருக்கும்.

கூரைத் தண்ணியைத்தான் கடைசிவரை மறக்கக் கூடாது. ரெண்டு ஓரமும் தகரக் கால்வாய் வச்சு, பைப்புல 10 அடி தள்ளி வாய்க்கால்ல விடுங்க. ஷெட்டைச் சுத்தி 3 அடி அகலத்துக்கு அதே கிராவலை இடிச்சு, வெளிப்பக்கம் அடிக்கு அரை இன்ச் சரிவு கொடுங்க. அந்த 3 அடிக்குள்ள சொட்டுநீர் லைன் எதுவும் ஓடக் கூடாது. அடியில இருக்கற மண்ணு வருஷம் பூரா ஒரே ஈரத்துல இருந்தா அதுக்கு வீங்கவும் வேலையில்ல, சுருங்கவும் வேலையில்ல.

நகரி மாந்தோப்பு (நகரி, ஆந்திரா)

எங்க ஊருக்கு இவ்வளவு வேண்டாம்னாலும் அந்த மண்ணெண்ணெய் சோதனையை எங்க ஏரிக்கரைப் பக்கத்து நிலத்துல பண்ணிப் பாக்கப் போறேன். அங்க மட்டும் மண்ணு கறுப்பு, பம்பு ஷெட்டு அங்கதான் வைக்கணும்.

ஒரு சந்தேகம். கல்லுத் தரைக்கும் தூணுக்கும் நடுவுல எவ்வளவு இடம் விடணும்?

கணவாய்க் காற்று (பாலக்காடு)

ஒரு இன்ச் போதும். தூணைச் சுத்தி தெர்மாகோல் வச்சுட்டுக் கல்லைப் பதிங்க, மேல பிட்டுமென் ஊத்தி மூடுங்க. சிமெண்ட் வச்சுப் பூசி அடைச்சிடாதீங்க, பிரிச்சதே வீணாயிடும். அதே மாதிரி ஷீட்டோட அடி ஓரம் தரையைத் தொடாம 2 இன்ச் மேல நிக்கட்டும், அந்த இடைவெளிக்கு எலி வராத கம்பி வலை அடிச்சுக்கங்க.

தோப்புக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

ரசீதுல புரயிடம்னுதான் இருக்கு அக்கா, பழையதையும் எடுத்துப் பாத்துட்டேன். டேட்டா பேங்க்ல இல்லைன்னு கிருஷி பவன்லயும் சொல்லிட்டாங்க. பஞ்சாயத்துக்கு நாளைக்குப் போறேன்.

வெல்டிங் அண்ணா, கான்கிரீட் ஊத்தறப்ப போல்ட் நகர்ந்து போச்சுன்னா பிளேட்டு உக்காராதே, அதுக்கு என்ன பண்றது?

கஞ்சிக்கோடு வெல்டிங்

பிளேட்டை ஊத்தறதுக்கு முன்னாடியே கொண்டு வந்து கொடுத்துடறேன். அதே ஓட்டை அளவுல பிளைவுட் பலகை 6 வெட்டி, போல்ட் 4ஐயும் மேலயும் கீழயும் நட்டு போட்டு இறுக்கி, பலகையைக் குழி மேல ரெண்டு கட்டையில ஆணி அடிச்சு நிறுத்துங்க. மேஸ்திரி கயிறுக்கு நேரா பலகையில ஒரு மையக்கோடு போட்டு வச்சா, ஊத்தின பிறகும் ஒருவாட்டி கயிறைக் கட்டிச் சரி பாக்கலாம். கான்கிரீட் இறுகறதுக்குள்ள ஒரு நூலு, ரெண்டு நூலு தட்டி நகர்த்தலாம். மரை மேல கிரீஸ் தடவி பிளாஸ்டிக் சுத்திடுங்க, சிமெண்ட் பால் ஏறினா நட்டு இறங்காது. பிளேட்டுல ஓட்டையை நான் 16 எம்எம் போட்டுத் தர்றேன், மேல கனமான வாஷர் வச்சுக்கலாம்.